தமிழ்வழியில் படித்த அம்மா வீட்டில் ஃபோனிக்ஸ் சொல்லித்தர முடியுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகள் ஆங்கிலவழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்பெல்லிங் டெஸ்ட்டில் முழு மதிப்பெண் வாங்குகிறாள், ஆனால் புதிதாக ஒரு சொல்லைக் காட்டினால் வாசிக்கத் தெரியவில்லை. பாண்டியில் ஒரு ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். கட்டணம் அதிகம். நான் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவள். வீட்டிலேயே சொல்லித்தர முடியுமா? என்னென்ன விதிகள் இருக்கின்றன?

பதில்:

முடியும். தமிழ்வழியில் படித்ததை ஒரு குறைபோலச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு அதுதான் உங்கள் கைமுதல். கடலூரிலும் புதுச்சேரியிலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித்தருவதே என் வேலை. தமிழைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு சீக்கிரம் பிடிபடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கில எழுத்துகளையும் சொற்களையும் தமிழிலேயே எழுதப் போகிறேன். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபடி வாசியுங்கள். ‘பி’ இரண்டு, ‘டி’ இரண்டு இருப்பதால், தேவைப்படும் இடத்தில் பென் பி, பஸ் பி, டேபிள் டி, டாக்டர் டி என்று பிரித்துச் சொல்கிறேன்.

பாப்பா எப்படி முழு மதிப்பெண் வாங்குகிறாள் என்று முதலில் பார்ப்போம். பூனைக்கு ‘சி, ஏ, டி கேட்’ என்று பாட்டுப் போல ஒப்பிக்கிறாள். சி, ஏ, டி என்பவை எழுத்துகளின் பெயர்கள். அவற்றை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘சியேட்டி’ என்றுதான் வரும், ‘கேட்’ வராது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. மனப்பாடம் செய்யாத சொல் வந்தால் நின்றுவிடுகிறாள். தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. ப, ட, ம் என்று எழுத்துக் கூட்டினாலே ‘படம்’ வந்துவிடுகிறது, ஏனென்றால் நம் எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஃபோனிக்ஸ் என்பது ஆங்கிலத்தையும் அப்படி எழுத்துக் கூட்டி வாசிக்கச் செய்யும் முறை. எழுத்தின் பெயரைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, அது எழுப்பும் ஒலியைச் சொல்லித்தருகிறோம். அவ்வளவுதான்.

இது புதிய விளம்பரச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு தந்த அறிக்கை, ஒலிகளை முறையாக வரிசைப்படுத்திச் சொல்லித்தருவது பிள்ளைகளுக்குப் பயன் தருகிறது என்று சொன்னது. இங்கிலாந்தில் 2006-இல் வந்த ரோஸ் அறிக்கைக்குப் பிறகு பள்ளிகள் இந்த முறைக்கு மாறின. 2012 முதல் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்களை வாசிக்கச் சொல்லி ஒரு சோதனையும் வைக்கிறார்கள். அவற்றில் 20 சொற்கள் அர்த்தமே இல்லாதவை. பிள்ளை மனப்பாடமாகச் சொல்கிறதா, எழுத்தைப் பார்த்து வாசிக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். நீங்களும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். ‘மெப்’, ‘ஃபிம்’, ‘நஸ்’ மாதிரி மூன்றெழுத்தில் அர்த்தமில்லாத ஏதாவது ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? எழுத்தை எடுக்கும் முன் காது. “பஸ் எந்தச் சத்தத்தில் முடியுது?” “ஸ்”. “ஃபேன் எந்தச் சத்தத்தில் ஆரம்பிக்குது?” இதைச் சமைத்துக்கொண்டே, பேருந்தில் போய்க்கொண்டே விளையாடலாம். புத்தகம் வேண்டாம். பிள்ளை ‘கப்’ என்ற சொல்லை க், அ, ப் என்று மூன்று சத்தமாகப் பிரிக்கத் தொடங்கினால் எழுத்துக்குப் போகலாம்.

உங்கள் தமிழ் கைகொடுக்கும் முதல் இடம் இங்கேதான். ஆங்கில நாடுகளில் ஃபோனிக்ஸ் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும்போது, டி என்ற எழுத்துக்கு ‘ட’ என்று சொல்லாதீர்கள், பி-க்கு ‘ப’ என்று சொல்லாதீர்கள், பின்னால் ஒட்டும் அகரத்தை வெட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தப் பாடு கிடையாது. புள்ளி வைத்த எழுத்து என்றால் என்னவென்று தமிழ் வாசிக்கும் பிள்ளைக்குத் தெரியும். டி-யின் ஒலி ‘ட்’, எம்-இன் ஒலி ‘ம்’, எஸ்-இன் ஒலி ‘ஸ்’ என்றால் முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேச்சில் நாம் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிவிடுவோம்: கப்பு, பஸ்ஸு, பெஞ்சு, புக்கு. வாசிக்கும்போதும் எழுதும்போதும் அந்த ‘உ’ வரக் கூடாது. வந்தால், “புள்ளி வச்சுச் சொல்லு” என்றால் பிள்ளை உடனே திருத்திக்கொள்ளும்.

எழுத்துகளை ஏ, பி, சி வரிசையில் எடுக்காதீர்கள். 1992-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜாலி ஃபோனிக்ஸ் முறையில் முதல் ஆறு எழுத்துகள் எஸ், ஏ, டேபிள் டி, ஐ, பென் பி, என். நம் ஊர்ப் பள்ளிகள் பலவும் இப்போது இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. இந்த ஆறை வைத்தே சிட், சேட், பின், பேன், டின், டேப், நேப், ஆன்ட் என்று சொற்கள் கிடைத்துவிடும். ஒரு வாரத்திலேயே பிள்ளை ‘நானே வாசிச்சேன்’ என்று சொல்லத் தொடங்கும். அந்தத் தெம்பு மிகவும் முக்கியம். அடுத்த கட்டத்தில் சி, கே, ஈ, எச், ஆர், எம், டாக்டர் டி. அதற்கடுத்து ஜி, ஓ, யூ, எல், எஃப், பஸ் பி. மீதி எழுத்துகளும், இரண்டெழுத்து சேர்ந்து ஓர் ஒலி தரும் எஸ்-எச், சி-எச், டி-எச், ஈ-ஈ போன்றவையும் பிறகு.

ஒலிகளைத் தனித்தனியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை சேர்த்துச் சொல்லத் திணறுவது வழக்கம். ஸ்… இ… ட்… என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது உயிர்மெய்யைக் கூப்பிடுங்கள். ஸ்-உம் இ-யும் சேர்ந்தால் என்ன? ‘ஸி’. அதோடு ட் சேர்த்தால்? ‘ஸிட்’. மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் எழுத்தாவதைத் தமிழ்ப் பிள்ளை 216 முறை பார்த்திருக்கிறது. ஆங்கிலப் பாடப் புத்தகங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சேர்க்கச் சொல்லும். நம் பிள்ளைகளுக்கு ‘ஸி-ட்’, ‘பி-ன்’, ‘கெ-ட்’ என்று முதல் இரண்டைச் சேர்த்துப் பிறகு கடைசியை ஒட்டுவது எளிது.

இனி கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். நம் பிள்ளைகள் ‘பேக்’ (பை) என்பதைப் பென் பி போட்டு எழுதுவார்கள். ‘டாக்’ (நாய்) என்பதை டேபிள் டி போட்டுத் தொடங்கி, கே போட்டு முடிப்பார்கள். இதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டு திட்டுபவர்கள் அதிகம். அது கவனக்குறைவே இல்லை. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துதான், அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். ‘பல்’லில் வரும் ப வேறு, ‘கம்பு’வில் வரும் ப வேறு. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பழகிய பிள்ளை ஆங்கிலத்திலும் அப்படித்தான் எண்ணும்.

இதற்கான மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. மூக்கொலிக்கு அடுத்து வரும்போது நம் வல்லினம் மெலிந்து ஒலிக்கிறது. கம்பு, வண்டி, சங்கு, மஞ்சள், பந்து: இந்த ஐந்து சொற்களையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பஸ் பி என்பது கம்பின் ப. டாக்டர் டி என்பது வண்டியின் ட. ஜி என்பது சங்கின் க. ஜே என்பது மஞ்சளின் ச. ‘திஸ்’, ‘தட்’ சொற்களில் டி-யும் எச்-உம் சேர்ந்து தரும் ஒலிக்குப் பக்கத்தில் நிற்பது பந்தின் த. அப்புறம், பிள்ளையின் கையை அதன் தொண்டையில் வைத்துப் ‘பஸ்’, ‘பல்’ இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். ‘பஸ்’ தொடங்கும்போதே தொண்டை அதிரும். இன்னொரு வழி, வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலப் ‘பின்’னைக் கொஞ்சம் ஊதிச் சொல்லிக்காட்டுவது. காகிதம் ஆடும். குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ‘பின்’னுக்கு அவ்வளவு ஆடாது. பாப்பா வாயில் இந்த ஒலிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பஸ், டாக்டர், கேஸ் என்று தினமும் சரியாகத்தான் சொல்கிறாள். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்ற முடிச்சை மட்டும் நீங்கள் போட்டுவிட்டால் போதும்.

பஸ் பி-யையும் டாக்டர் டி-யையும் சின்ன எழுத்தில் எழுதும்போது இடம் வலம் மாற்றிப் போடுவது வேறு விஷயம். ஏழு வயது வரை பல பிள்ளைகள் செய்வார்கள். பதற வேண்டாம்.

உயிரொலிகளுக்கு வருவோம். 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஆங்கிலம் ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கிறது. அவற்றில் 20 போல உயிரொலிகள், ஆனால் உயிரெழுத்துகளோ ஐந்து. தலைவலி எல்லாம் இங்கிருந்துதான். மூன்றெழுத்துச் சொற்களில் வரும் குறுகிய ஒலிகளை முதலில் உறுதியாக்குங்கள். ஈ என்பது எ (பென்), ஐ என்பது இ (பின்), யூ என்பது அ (கப், பஸ்). ஓ என்பது ‘பாக்ஸ்’ சொல்லில் வருவது, நம் ஆ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவே நிற்கும். ஏ-தான் கடினம். பூனையும் வாசல் கேட்டும் நம் எழுத்தில் ஒன்றுதான், இரண்டுக்கும் ‘கேட்’. பூனைக்கு வாயை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். எ சொல்லத் தொடங்கி, தாடையைக் கீழே இறக்கினால் வந்துவிடும்.

‘முட்டை’க்கான சொல்லை ‘யெக்’ என்று பாப்பா சொல்கிறாளா கேளுங்கள். எலியை யெலி என்றும் ஒன்றை வொண்ணு என்றும் பேசுகிறோம் இல்லையா, அந்தப் பழக்கம். அப்படிச் சொல்லும் பிள்ளைகள் சிலர் எழுதும்போதும் ஒய் சேர்த்துவிடுவார்கள்.

குறுகிய ஒலி, நீண்ட ஒலி என்று ஃபோனிக்ஸ் புத்தகங்கள் சொல்வதைக் குறில் நெடில் என்று அப்படியே மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். நம் நெடில் குறிலையே இழுத்துச் சொல்வது. ஆங்கிலத்தில் நீண்ட ஒலி என்றால் அந்த எழுத்து தன் பெயரையே சொல்வது: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. ஒலியே வேறாகிவிடும்.

இனி நீங்கள் கேட்ட விதிகள். எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1963-இல் தியடோர் கிளைமர் என்ற அமெரிக்க ஆய்வாளர், பள்ளிகளில் சொல்லித்தந்த 45 விதிகளை எடுத்து, பாடப் புத்தகச் சொற்களில் அவை எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று எண்ணிப் பார்த்தார். இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வந்தால் முதல் எழுத்து தன் பெயரைச் சொல்லும், இரண்டாவது பேசாது என்ற விதி, இன்றும் பாட்டாகப் பாடப்படுவது, 45 சதவீத இடங்களில்தான் பொருந்தியது. கடைசி ‘ஈ’ பற்றிய விதி 63 சதவீதம். ‘ஐ முன்னால், ஈ பின்னால், சி-க்குப் பிறகு மட்டும் மாறும்’ என்ற விதியைச் சொல்லித்தருவதே வீண் என்று 2009-இல் இங்கிலாந்து அரசின் வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. ஆகவே சிலவற்றைத்தான் எடுக்கிறேன், இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் உதவுபவற்றை.

சி-க்கு அடுத்து ஈ, ஐ, ஒய் வந்தால் ஸ், மற்றபடி க். சிட்டி, சென்ட் ஒரு பக்கம், கேட், காட், கப் இன்னொரு பக்கம். ‘சைக்கிள்’ சொல்லில் இரண்டு சி-யும் இரண்டு விதமாக ஒலிப்பதைக் காட்டினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஈ, ஐ வரும் இடத்தில் க் ஒலி வேண்டுமென்றால் கே-யைத்தான் கூப்பிட வேண்டும்: கிட், கீ, கிங். சின்னச் சொல்லில் குறுகிய ஒலிக்கு அடுத்துக் கடைசியில் க் வந்தால் சி, கே இரண்டும் சேரும்: பேக் (முதுகு), நெக், டக், லாக். குறுக்கே இன்னொரு எழுத்து வந்துவிட்டால் கே மட்டும் போதும்: மில்க், டெஸ்க், பேங்க். இந்த விதி பிழையாகப் போவது மிகக் குறைவு. அதே குறுகிய ஒலிக்கு அடுத்து எஃப், எல், எஸ், இசட் வந்தால் இரட்டிக்கும்: பெல், மிஸ், பஸ்ஸர் சத்தத்தைச் சொல்லும் ‘பஸ்’. நாம் ஏறும் பஸ், கேஸ், யெஸ் மூன்றும் இதற்கு அடங்காதவை. முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கடைசி ஈ. ‘கேப்’ (தொப்பி) என்ற சொல்லின் முடிவில் ஈ சேர்த்தால் ஏ தன் பெயரைச் சொல்லும். ‘கிட்’ என்பதோடு ஈ சேர்ந்தால் ‘கைட்’, பட்டம். ‘ஹாப்’ என்பது ‘ஹோப்’ ஆகும், ‘கட்’ என்பது ‘க்யூட்’ ஆகும். அட்டையில் சொல்லை எழுதி, ஈ-யை மட்டும் தனித் துண்டில் எழுதி, ஒட்டி ஒட்டி எடுத்துக் காட்டுங்கள். ஹேவ், கிவ், லவ் மூன்றும் இடிக்கிறதே என்றால், அங்கே ஈ வேறு வேலைக்காக நிற்கிறது. ஆங்கிலச் சொல் ஏறக்குறைய எதுவுமே ‘வி’ எழுத்தில் முடியாது, துணைக்கு ஓர் ஈ வரும். காரணம் தெரிந்ததும் மூன்று விலக்குகளும் ஒரே விதியாகிவிடுகின்றன. இதே மாதிரி சொல்லின் முடிவில் ஐ நிற்பதும் அரிது. அதனால்தான் ‘ரெயின்’ நடுவில் ஏ-ஐ, ‘டே’ கடைசியில் ஏ-ஒய். ‘காயின்’ நடுவில் ஓ-ஐ, ‘பாய்’ கடைசியில் ஓ-ஒய்.

இரட்டிக்கும் எழுத்து, முன்னால் நிற்கும் குறுகிய ஒலிக்குக் காவல். ‘ஹாப்’ சொல்லோடு ‘இங்’ சேரும்போது பி இரட்டிக்கிறது, ‘ஹோப்’ சொல்லுக்கு இரட்டிக்காது. சிட்டிங், ரன்னிங், டின்னர் எல்லாம் இதே. நம் ஊரின் ஆங்கிலப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், கடலூரைத் தம் வழக்கப்படி எழுதியதில் சி, யூ, இரட்டை டி, கடைசி ஈ எல்லாம் வந்து சேர்ந்தன. சி-க்கு அடுத்து யூ, ஆகவே க். யூ இங்கே அ. அதைக் காக்க இரட்டை டி. பாப்பா தினம் நோட்டில் எழுதும் ஊர்ப் பெயரில் மூன்று விதி இருக்கிறது.

மற்ற ஊர்ப் பெயர்ப் பலகைகளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாண்டிக்குப் போகும் வழியில் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பலகைகள் வரும். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். நீளச் சொல்லைத் துண்டு துண்டாக வாசிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, விடையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே யூ என்பது உ, ஏ என்பது அ. குப்பத்தில் வரும் யூ வேறு, கப்பில் வரும் யூ வேறு என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் பெயர்களும் அப்படித்தான். நாம் ‘த’வுக்கு டி-எச் போடுகிறோம், ‘ழ’வுக்கு இசட்-எச் போடுகிறோம். அது நம் ஏற்பாடு, ஆங்கில விதி அல்ல.

‘பட்’ என்பதில் யூ அ-வாக இருக்க, ‘புட்’ என்பதில் மட்டும் ஏன் உ என்று எல்லாரும் கேட்பார்கள். பிள்ளையும் கேட்கும். பழைய ஆங்கிலத்தில் இரண்டுமே உ-தான். ஏறக்குறைய 17-ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்துப் பேச்சில் அந்த உ பெரும்பாலான சொற்களில் அ-வாக மாறியது. உதடு குவித்துச் சொல்லும் எழுத்துகளுக்கு அடுத்துச் சில சொற்களில் மட்டும் பழையதே தங்கிவிட்டது: புட், புஷ், புல், ஃபுல், புஷ் (புதர்). வட இங்கிலாந்தில் இன்றும் பலர் பட், புட் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். எழுத்து பழைய ஒலியைக் காட்டுகிறது, வாய் மாறிவிட்டது. ‘நைஃப்’ முன்னால் நிற்கும் கே-யும், ‘ரைட்’ முன்னால் நிற்கும் டபிள்யூ-வும் ஒரு காலத்தில் ஒலித்தவைதான். இப்படி ஒரு காரணத்தைக் கதையாகச் சொன்னால் பிள்ளை அந்தச் சொல்லை மறப்பதில்லை. ‘அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு’ என்பதைவிட எவ்வளவோ மேல்.

சி-எச் மூன்று விதம். ‘சைல்ட்’ ஆங்கிலத்தின் சொந்த ஒலி. ‘மெஷின்’, ‘ஷெஃப்’ பிரெஞ்சுக்காரர்கள் வழி வந்தவை, அங்கே ஷ். ‘ஸ்கூல்’, ‘கெமிஸ்ட்’ கிரேக்க வழி, அங்கே க். பேசாத எழுத்தைக் கண்ணால் காட்ட வேண்டுமென்றால் பாண்டிக் கடற்கரைப் பக்கம் கூட்டிப் போங்கள். துய்மா வீதியின் நீலப் பலகையில் பிரெஞ்சில் கடைசியாக ஓர் எஸ் இருக்கும், ஆனால் ஒலிக்காது. வீதியைக் குறிக்கும் ‘ரூ’ என்ற சொல்லின் கடைசி ஈ-யும் ஒலிக்காது.

இறந்தகாலத்துக்குப் போடும் ஈ-டி பற்றி ஒரு வரி: ‘ஜம்ப்ட்’ என்று டேபிள் டி-யாகவும், ‘ப்ளேய்ட்’ என்று டாக்டர் டி-யாகவும், ‘வான்டட்’ என்று தனி அசையாகவும் ஒலிக்கும், ஆனால் எழுத்து எப்போதும் ஈ-டி. மூன்றாம் வகுப்பில் எடுத்தால் போதும்.

விதிக்கு அடங்காத சொற்கள் கொஞ்சம் உண்டு: த, வாஸ், செட் (சொன்னாள்), ஒன் (ஒன்று), டூ (இரண்டு), ஹூ, ஆர், ஆஃப் (உடைய). இவை அடிக்கடி வருபவை, தவிர்க்க முடியாது. ஆனால் முழுச் சொல்லும் முரண்டு பிடிப்பதில்லை. ‘செட்’ சொல்லில் எஸ்-உம் டி-யும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, நடுவில் உள்ள ஏ-ஐ மட்டும்தான் சிக்கல். அந்த இரண்டெழுத்தை மட்டும் சிவப்புப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். ‘வாஸ்’ கூட அவ்வளவு தனி இல்லை: டபிள்யூ-வுக்கு அடுத்து வரும் ஏ, வான்ட், வாஷ், வாட்ச் என்று அதே பக்கம்தான் சாய்கிறது.

வாசிப்பைவிட ஸ்பெல்லிங் எப்போதும் பின்தங்கித்தான் வரும். ஈ-ஈ, ஈ-ஏ, ஐ-ஈ, சொல்லின் கடைசியில் ஒய் என்று எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் ‘ஈ’ என்று வாசித்துவிடலாம். எழுதும்போது எந்த ‘ஈ’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கே விதி முழுதாகக் கைகொடுக்காது. அதற்குக் கண் பழக வேண்டும், நிறைய வாசிக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது இது: சொல்லைச் சொல்லுங்கள், பிள்ளை அதிலுள்ள சத்தங்களை விரல் விட்டு எண்ணட்டும், ஒரு விரலுக்கு ஒரு கோடு போடட்டும், பிறகு கோட்டின் மேல் எழுத்து. ‘ஷிப்’ என்றால் மூன்று கோடு, முதல் கோட்டின் மேல் எஸ்-எச் இரண்டும். ‘ரெயின்’ எழுதச் சொல்லிவிட்டு ‘ட்ரெயின்’, ‘செயின்’, ‘பெயின்ட்’ என்று ஒரே குடும்பமாக எழுத வையுங்கள். எழுத்தின் பெயர்களும் இந்தக் கட்டத்தில் வேண்டியவைதான், ஒலி நிலைத்த பிறகு அவற்றால் குழப்பம் வராது.

இப்போது மிக முக்கியமான ஒன்று. இங்கிலாந்துப் பிள்ளை ஒரு சொல்லைக் கூட்டி வாசித்ததும் அது என்னவென்று அதற்குத் தெரிந்துவிடும், காதில் ஏற்கெனவே விழுந்த சொல். நம் பிள்ளை சரியாக வாசித்தாலும் அர்த்தம் தெரியாமல் நிற்கும். ஃபோனிக்ஸ் பயிற்சிப் புத்தகங்களில் வரும் ‘காட்’, ‘வெட்’, ‘ஜிக்’ எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைக்கு வெறும் ஒலி. அதனால் சொற்களைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் உங்கள் வீட்டிலிருந்து எடுங்கள். கப், மக், ஜக், டப், ஃபேன், நெட், பின், பென், பேக், பேட், பெல்ட், பிரஷ், பெஞ்ச், மேட்ச், லிஃப்ட், ஷாப், டிஃபன், டிக்கெட், பாக்ஸ். கடலூரில் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாத வீட்டில்கூட இத்தனையும் புழங்குகின்றன. அர்த்தம் தெரியும், ஒலியும் ஏறக்குறையத் தெரியும், எழுத்து மட்டும்தான் புதிது. நான் எந்தப் பிள்ளைக்கும் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

அப்புறம் கதைகள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கும், எளிய நிலையிலிருந்து படிப்படியாக. முதலில் தமிழில் வாசித்துச் சிரித்துவிட்டு, அதே கதையை ஆங்கிலத்தில் எடுங்கள். படம், கதை இரண்டும் தெரிந்திருப்பதால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வாசித்துக் காட்டும்போது உச்சரிப்புப் பிசகுமோ என்று தயங்காதீர்கள். சந்தேகம் வரும் சொல்லைக் கைபேசி அகராதியில் ஒலிக்கவிட்டு இருவரும் சேர்ந்து கேளுங்கள். ஒன்றுதான், யூடியூபில் அமெரிக்கர் ஒருவர், பிரிட்டிஷார் ஒருவர் என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். ஓ ஒலியும் ஆர் ஒலியும் இரண்டு பக்கமும் வேறு. நம் பள்ளிகளின் உச்சரிப்பு பிரிட்டிஷ் பக்கம் இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் கால் மணி நேரம் போதும். தூக்கம் வரும் நேரத்தில் வேண்டாம்.

தமிழிலும் எழுத்துக் கூட்ட முடியாமல், எட்டு வயதுக்கு மேலும் திணறினால் மட்டும் வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். முதலில் கண்ணும் காதும் சோதித்துவிடுங்கள். பிறகு கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள், அவர் உரிய மதிப்பீட்டுக்கு அனுப்புவார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது, பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. உங்கள் மகள் ஒப்பிப்பதில் கெட்டிக்காரி, தமிழ் எப்படி வாசிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள். தமிழ் நன்றாக வந்தால் கவலையே இல்லை. தமிழ் சுமாராக இருந்தால் ஆங்கிலத்தை ஒரு மாதம் நிறுத்திவைத்துத் தமிழைச் சரிசெய்யுங்கள், அந்த மாதம் வீண் போகாது.

வகுப்பில் சேர்ப்பதா என்றால், கட்டணம் கட்டும் முன் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் வாசிக்கிறார்களா, அல்லது அட்டையைப் பார்த்து ஆசிரியர் சொல்வதைக் கூடவே கத்துகிறார்களா என்று பாருங்கள். ‘பஸ் பி’க்கும் ‘பென் பி’க்கும் தமிழ்ப் பிள்ளைக்கு எப்படி வித்தியாசம் காட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கு ஒரு வழி வைத்திருப்பவர் நல்ல ஆசிரியர், பணம் இருந்தால் சேர்க்கலாம்.

பள்ளியிலிருந்து வரும் வாராந்திர ஸ்பெல்லிங் பட்டியலை இதற்காகக் கைவிட வேண்டாம். டெஸ்ட் இருக்கிறது, பாப்பாவுக்கும் அதில் பெருமை இருக்கிறது. பட்டியல் வந்ததும் மூன்று கூறாகப் பிரியுங்கள்: தானே கூட்டி எழுதக்கூடியவை, ஒரு விதி தெரிந்தால் எழுதக்கூடியவை, சிவப்புப் பேனா வேண்டியவை. முதல் கூறுக்கு மனப்பாடமே தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்தால், மீதி இரண்டுக்கும் நேரம் தாராளமாகக் கிடைக்கும்.